சாப்பாட்டுக்குப் பின் ஒன்று

குறுவை நடவு தொடங்கினால்
எங்கள் கடையில் இடுப்புவலி தொடங்கும்.
மன்னார்குடி கீழப்பாலத்து மெடிக்கலில்
பதினோரு வருஷமாக நான் கத்தரிக்கோலால் நறுக்கித் தருவது
பாதி அட்டை, கால் அட்டை, சில்லறை பத்தாதவருக்கு ரெண்டு.
சேறு காயாத காலோடு படிக்குக் கீழே நின்று
"அந்த ரோஸ் மாத்திரை" என்பார்கள்.
பெயர் எனக்கு, நிறம் அவர்களுக்கு.

அவர்களுக்கு வலிக்கிறது, விழுங்குகிறார்கள்.
எனக்கு எங்கும் வலிக்கவில்லை.
கல்லாவுக்குக் கீழே, ரப்பர் பேண்டு டப்பாவை ஒட்டி
என் அட்டை தனியாக இருக்கிறது.
ஆஸ்பிரின்.

அப்பா நாற்பத்தாறில். மூலம் என்றார்கள்,
கருணைக்கிழங்கு ஆக்கிப் போட்டோம்.
அண்ணன் பக்கிரிசாமியும் அதையே சொல்லிக்கொண்டு
ரத்தம் போவதை ஒரு தாளடி முழுக்க மறைத்தான்.
அறுவடை மிஷின் வயலில் இறங்கிய அன்று
அவனைத் தஞ்சாவூருக்கு ஏற்றினோம்.
நாற்பத்தொன்று.

அங்கேதான் டாக்டர் எஸ்தர்
மருந்துச்சீட்டின் முதுகில் எங்கள் குடும்பத்தை வரைந்தார்.
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர்மேல் குறுக்காக ஒரு கோடு.
பார்க்க ஜாதகம் போலத்தான் இருந்தது.
என் வட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

இரண்டு லிட்டர் உப்புத்தண்ணி குடித்து
ராத்திரியெல்லாம் கழிந்து
விடிந்தால் திரையில் என் உள்:
ஈரமாய், இளஞ்சிவப்பாய், வளைந்துபோகும் வாய்க்கால்.
கரையில் ஒரு சின்னக் காளான்.
சுருக்குப் போட்டு எடுத்தார்கள்.
வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உள்ளே ஓயாமல் கனன்றால் இதெல்லாம் தழைக்கும்.
இந்த மாத்திரை அதை அமர்த்தும், உன் மாதிரிக் குடும்பத்துக்கு."
இனி முளைக்காதா டாக்டர்?
"குறையலாம்."
எப்போது தெரியும்?
"வருஷக்கணக்காகும். தெரியாமலே போனால் நல்லது."
பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்:
"வயிறு புண்ணாகலாம். கருப்பாகப் போனால் அன்றைக்கே வா."

ஊரில் எந்த விஷயமும் ஒரு வாரம் தாங்காது.
வைரக்கண்ணு வந்தார், வரப்பு வெட்டிய மண்வெட்டியோடு.
"புத்துநோய் வராம இருக்க நீ ஏதோ போடுறியாமே,
எனக்கும் ரெண்டு அட்டை குடு செங்கமலம்."

எட்டு வருஷ ரோஸ் மாத்திரைக்காரர்.
பெரும்பாலும் நான் நறுக்கியது.
தரமாட்டேன் என்றேன்.
"ஓசிக்கா கேட்டேன்?"
கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு.
வெளிக்கு எப்படிப் போகிறது என்றேன், நாலு பேர் முன்னால்.
மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அந்த நாலு பேரும் போகும்வரை அப்படியே நின்றார்.
"தார் மாதிரி."

ஆட்டோவுக்கு நான்தான் கொடுத்தேன்.
பெரியாஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது.
புற்று இல்லை, புண் என்றார்கள்.
நான் விற்ற புண்.
அவருடைய மண்வெட்டி பத்து நாள்
கடைச் சுவரிலேயே சாய்ந்திருந்தது.

இப்போதெல்லாம் கத்தரிக்கோலை எடுக்குமுன்
சாப்பிட்டீங்களா, எத்தனை நாளா, வயிறு எரியுதா என்கிறேன்.
முதலாளி குலோத்துங்கனுக்குப் பிடிக்கவில்லை.
இது மருந்துக்கடையா போலீஸ் ஸ்டேஷனா என்கிறார்.

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.
என் வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம்,
உள்ளே ஒன்றும் எழுதவில்லை.
தையல்நாயகிக்குப் பத்தொன்பது.
ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.
செமஸ்டர் முடியட்டும்மா என்கிறாள்,
போனை விட்டுத் தலை தூக்காமல்.

இன்றைக்கு ரசம்சோறு, அப்பளம், அப்புறம் மாத்திரை.
தொண்டையில் இறங்கும்போது
ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது.
ஐப்பசியில் அடுத்த ஸ்கோப்.
மழை பிடித்தால் தஞ்சாவூர் பஸ் சுற்றிக்கொண்டு போகும்,
விடியாமலே கிளம்ப வேண்டும்.